1,100 டொலரும் இரண்டு தொலைபேசி அழைப்புகளும்

திருகோணமலை நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கச்சான் காற்று அனலாய் அடிக்கிற ஓகஸ்ட் பிற்பகல். வங்கிக்குள் வரிசையில் நிற்கிறீர்கள். திடீரென்று கரண்ட் போய் ஏசி நின்றுவிடுகிறது. ஐந்து நிமிடத்தில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும், பத்தாவது நிமிடத்தில் பக்கத்தில் நிற்பவர் மூச்சுவிடுவதுகூட எரிச்சல் தரும். அந்தப் புழுக்கத்துக்குள்ளேயே இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடுகிற ஒரு படத்தைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

படத்தின் பெயர் 'டோக் டே ஆப்டர்நூன்'. 1975இல் வந்தது. இயக்கியவர் சிட்னி லூமெட். 1972 ஓகஸ்ட் 22ஆம் திகதி நியூயோர்க்கின் புரூக்ளின் பகுதியில் உண்மையாகவே நடந்த ஒரு வங்கிக் கொள்ளைதான் கதைக்கு அடிப்படை. அல் பாசினோ, சொனி என்ற கொள்ளைக்காரனாக வருகிறார்.

கொள்ளை எப்படிச் சொதப்புகிறது என்று பாருங்கள். மூன்று பேர் உள்ளே போகிறார்கள். ஒருவன் முதல் சில நிமிடங்களிலேயே பயந்துபோய், என்னால் முடியாது என்று வெளியேறிவிடுகிறான். சொனி துப்பாக்கியை ஒரு நீளப் பெட்டிக்குள் ஒளித்துக் கொண்டுவருகிறான். எடுக்கும்போது அது பெட்டியில் சிக்கித் தடுமாறுகிறான். பெட்டகத்தைத் திறந்தால் உள்ளே இருப்பது ஏறக்குறைய 1,100 டொலர். அன்றைய பணத்தை ஏற்கெனவே வந்து எடுத்துப் போய்விட்டார்கள்! பயணக் காசோலைகளின் பதிவேட்டைக் குப்பைக் கூடையில் போட்டு எரிக்கிறான். புகை வெளியே தெரிகிறது. எதிர்க்கடைக்காரர் விசாரிக்க வருகிறார். பிறகு பொலிஸ், பிறகு கூட்டம், பிறகு தொலைக்காட்சிக் கமெரா. இத்தனைக்கும் சொனி முன்பு வங்கியில் வேலை செய்தவன். எந்த நோட்டை இழுத்தால் அலாரம் அடிக்கும் என்று தெரிந்தவன். தொழில் தெரிந்தும் சொதப்புகிறான் என்பதால்தான் அவனை விட்டுக் கண்ணை எடுக்க முடிவதில்லை.

இதெல்லாம் செய்திப்படம் போல அப்படியே நடந்ததாகத் தெரியும். நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதுதான்: அந்த நிஜத்தன்மை தானாக வந்ததல்ல, வேலை செய்து கொண்டுவந்தது. படம் பிடித்தது கோடையில் அல்ல, இலையுதிர் காலத்துக் குளிரில். பேசும்போது வாயிலிருந்து ஆவி வந்தால் கோடை என்று யார் நம்புவார்கள்? அதனால் நடிகர்கள் வாயில் ஐஸ் கட்டியை வைத்துக் குளிர வைத்துவிட்டுப் பேசினார்கள். உடுப்பு அவரவர் வீட்டு உடுப்பு. வங்கியை ஒரு ஸ்டுடியோவுக்குள் கட்டவில்லை. தெருவோரத்துக் கட்டடம் ஒன்றின் கீழ்த்தளத்திலேயே கட்டினார்கள். அதனால் கமெரா தெருவிலிருந்து நேரே உள்ளே நுழைய முடிந்தது. உள்ளே டியூப் லைட் வெளிச்சம். இரவில், பொலிஸ் விளக்குகள் வங்கியின் வெள்ளை முகப்பில் பட்டுத் திரும்புகிற வெளிச்சம். பின்னணி இசை கிடையாது. தொடக்கத்தில் ஒரு பாட்டு ஒலிக்கும், அதுவும் கார் ரேடியோவோடு போய் நின்றுவிடும். அதற்குப் பிறகு நாம் கேட்பது வாகன இரைச்சல், கூட்டத்தின் கூச்சல், ரெலிபோன் மணி.

அந்த ரெலிபோனுக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சொனி உள்ளேயிருந்து இரண்டு பேரோடு கதைக்கிறான். முதலில் அவனுடைய காதலர் லியோன். பெண்ணாக வாழ விரும்பும் லியோனின் அறுவைச் சிகிச்சைக்குக் காசு தேடித்தான் இந்தக் கொள்ளையே. அடுத்தது, பிள்ளைகளோடு வீட்டில் இருக்கும் மனைவி ஆஞ்சி. இரண்டு அழைப்பையும் இடைவெட்டு இல்லாமல் ஒரே மூச்சில் பாசினோ நடிக்க வேண்டும் என்பது லூமெட்டின் பிடிவாதம். இரண்டும் சேர்ந்தால் பதினான்கு நிமிடம் வரும். கமெராவில் ஏற்றும் படச்சுருளோ 1,000 அடி. நிமிடத்துக்கு 90 அடி ஓடினால் பதினொரு நிமிடத்தில் தீர்ந்துவிடும். என்ன செய்தார்? இரண்டாவது கமெராவைப் பக்கத்தில் வைத்தார். முதல் கமெராவின் சுருள் முடியப்போகும்போது இரண்டாவது ஓடத் தொடங்கும். நடிகருக்கு இடையில் நிறுத்தமே இல்லை.

முதல் தடவை முடிந்தது, பாசினோ முற்றாகக் களைத்துப்போனார். லூமெட் அவரை ஓய்வெடுக்க விடவில்லை. உடனே இரண்டாவது தடவை எடுத்தார். படத்தில் நாம் பார்ப்பது அந்த இரண்டாவதைத்தான். நாள் முழுக்க வங்கிக்குள் அடைபட்ட ஒருவனின் களைப்பு அந்த முகத்தில் இருக்கிறது. கண் எங்கே பார்க்கிறது என்றே அவருக்குத் தெரியவில்லை. அந்தக் காட்சியை மட்டும் ஒரு தடவை தனியாகப் போட்டுப் பாருங்கள்.

நம் ஊரில் கைத்தொலைபேசியில் குறும்படம் எடுக்கும் தம்பி தங்கைகளுக்கு இது உதவும். உங்களுக்குச் சுருள் தீராது. ஆனால் நீண்ட காட்சியில் வேறு மூன்று பிரச்சினை வரும். நடுவில் அழைப்பு வந்தால் பதிவு நின்றுவிடலாம். ஆகவே முதலில் ஃபிளைட் மோடில் போடுங்கள். வெயிலில் தொலைபேசி சூடேறித் தானாக நிற்கும். எடுக்கும்வரை நிழலில் வையுங்கள், உறையைக் கழற்றிவிடுங்கள். நினைவகத்தில் இடம் இருக்கிறதா என்பதை நடிகர் தயாராகும் முன்பே பாருங்கள், தயாரான பின் அல்ல. இரவுக் காட்சியென்றால் விளக்கை முகத்துக்கு நேரே அடிக்காதீர்கள். வெள்ளைச் சுவரில் அடியுங்கள். திரும்பி வருகிற வெளிச்சம் போதும். வசனம் வரவில்லையா? இந்தப் படத்தில் ஒத்திகையின்போது நடிகர்கள் தங்கள் வாயில் வந்ததைப் பேசினார்கள். அதை ஒலிப்பதிவு செய்து, எழுத்தாளர் பிராங்க் பியர்சன் ஒழுங்குபடுத்தி வசனமாக்கினார். அந்தத் திரைக்கதைக்கு ஒஸ்கார் விருது கிடைத்தது.

டீடீ அலனின் படத்தொகுப்பைப் பற்றியும் சொல்ல நினைத்தேன். நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அப்பால் கை காட்டுகிறார்கள். ஜோன் கசாலைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. சொனியின் கூட்டாளி சால் அவர்தான். உண்மைச் சம்பவத்தில் அந்த வேடத்துக்குரியவன் பதினெட்டு வயதுப் பையன். கசாலுக்கோ வயது முப்பதைத் தாண்டியிருந்தது. அவர் வசனத்தை வாசித்துக் காட்டியதும் லூமெட் வயதை மறந்துவிட்டார். தப்பிப் போவதானால் எந்த நாட்டுக்குப் போக விருப்பம் என்று சொனி கேட்கிறான். சால் யோசித்து, "வயோமிங்" என்கிறான். அது அமெரிக்காவிலேயே உள்ள ஒரு மாநிலம்! கசால் அந்த இடத்திலேயே தானாகச் சொன்ன பதில் அது. 1978இல், நாற்பத்திரண்டு வயதில் அவர் இறந்துபோனார். ஐந்தே ஐந்து முழுநீளப் படங்கள். ஐந்தும் சிறந்த படத்துக்கான ஒஸ்கார் பரிந்துரையில் இடம்பெற்றவை.

வணக்கம்.