ஏரியிலயே பொறந்த களிமண்ணு

வணக்கம். களிமண்ணப் பத்திப் பேசுங்கன்னு கூப்பிட்டாங்க. களிமண்ணுல எத்தனையோ ரகம் இருக்கு, எனக்குப் பிடிச்சது நார் நாரா இருக்குற ரகம், அதப் பத்தி மட்டும் பேசறேன்னு சொல்லிட்டேன். அதுல முக்கியமானது ரெண்டு, செபியோலைட், பாலிகோர்ஸ்கைட். பேரு வாயில நுழையலைன்னா விட்டுடுங்க, நார்க்களின்னு வச்சுக்குவோம்.

நமக்குத் தெரிஞ்ச களிமண் எப்படி வருது? மலையில பாறை இத்துப்போயி, மழை அரிச்சு, ஆறு இழுத்துட்டு வந்து ஏரியில கொட்டுது. துகள் ஒவ்வொண்ணும் சின்னத் தகடு, அதான் நனைஞ்சா அப்படி வழுக்குது. ஏரிப் படிவுல கிடைக்கிற நார்க்களி பெரும்பாலும் இப்படி வந்தது இல்லைங்க. ஏரித் தண்ணியில கரைஞ்சு கிடந்த சரக்குல இருந்து அங்கயே உண்டானது. இன்னைக்கு நான் சொல்ல வந்ததே இதுதான், நடுவுல எங்க சுத்தினாலும் திரும்ப இங்கதான் வருவேன்.

அது எப்படித் தெரியும்னு கேப்பீங்க. எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்புல ஒரு துணுக்கை வச்சுப் பாத்தா, டாலமைட்னு சுண்ணாம்பு மாதிரி ஒரு கனிமம், அதோட படிகங்களுக்கு நடுவுல இருக்குற சந்துல, இந்தப் படிகத்துல இருந்து அந்தப் படிகத்துக்கு நார் ஓடியிருக்கும், அறுபடாம, அதோட தடிமன் சில பத்து நானோமீட்டர்தான். ஆத்துல உருண்டு பொரண்டு வந்த சரக்கு இப்படி முழுசா இருக்குமா சொல்லுங்க? அங்கயே வளந்தாத்தான் உண்டு.

சரி, எப்படி வளருது. முதல்ல வறண்ட ஊர்ல ஒரு ஏரி வேணும், தண்ணி உள்ள வரணும், வெளிய போக ஆறு இருக்கக்கூடாது, ஆவியாத்தான் போகணும். தண்ணி கொதிக்கவச்ச பாத்திரத்துல வெள்ளையா படியுதில்ல, அதே சுண்ணாம்புச் சரக்குதான் ஏரியிலயும் முதல்ல படியும். அதோட கால்சியம் போயிடுது, மெக்னீசியம் தங்கிடுது. தண்ணி காரத்தன்மையோட, அதாவது அமிலத்துக்கு எதிர்க்குணத்தோட, பிஹெச் எட்டு, ஒம்பதுன்னு இருக்கும், கரைஞ்ச சிலிக்காவும், அதான் மணல்ல இருக்குற சரக்கு, நிறைய இருக்கும். மெக்னீசியமும் சிலிக்காவும் சேந்தா செபியோலைட்.

ஆனா அலுமினியம் உள்ள வரக்கூடாது! நான் எங்க பேசினாலும் இந்த அலுமினியத்த விடமாட்டேன், கூட வேலை செய்யறவங்க சிரிப்பாங்க. ஆறு கொண்டு வர்ற சேத்துலதான் அலுமினியம் இருக்கு. அதனால சேறு வந்து சேர்ற பக்கத்துல பாலிகோர்ஸ்கைட், அதுக்குக் கொஞ்சம் அலுமினியம் வேணும். சேறு எட்டாத இடத்துல செபியோலைட். அப்போ பழைய ஏரி காஞ்சு கோடி வருஷம் ஆனாலும் எந்தக் களி எங்க கிடக்குன்னு பாத்து, ஆத்துச் சேறு எதுவரைக்கும் வந்துச்சுன்னு ஓரளவு சொல்லிடலாம். ஸ்பெயின்ல மேட்ரிட் பக்கத்துல மயோசீன் கால, அதாவது சுமார் 2.3 கோடியில இருந்து 50 லட்சம் வருஷத்துக்கு முந்தின, ஏரிப் படிவு இருக்கு, உலகத்துலயே பெரிய செபியோலைட் சுரங்கமெல்லாம் அங்கதான். பூனைக்கு டப்பாவுல போடுற மண்ணு இருக்கே, அதுல ஒரு பங்கு அங்க இருந்து போறதுதான்.

அணுக்கள் எப்படி அடுக்கியிருக்குன்னு சொல்ல படம் போடணும், அத விட்டுடறேன். நார் முழுக்க நெடுக்கால குழாய் மாதிரி துளை ஓடுது, அது போதும். காஞ்ச துண்ட நாக்குல வச்சா அப்படியே ஒட்டிக்கும், ஈரத்த அந்த இழு இழுக்கும்.

இந்தத் துளைய மத்திய அமெரிக்கப் பக்கம் அந்தக் காலத்துல இருந்த மாயன் ஜனங்க எப்படிப் பயன்படுத்தினாங்கன்னு சொல்லாம போகமாட்டேன். அவுரிச் செடியில இருந்து நீலச் சாயம் எடுக்கறோம்ல, அது வெயில் பட்டா வெளுத்துரும். அவங்க அந்தச் சாயத்த பாலிகோர்ஸ்கைட்டோட கலந்து சூடு காட்டினாங்க, சாயம் நாரோட பிணைஞ்சுக்கிச்சு. மெக்சிகோவுல பொனம்பாக்னு ஒரு இடம், சுத்தி மழைக்காடு, சுவர்ல ஈரம் இறங்கிட்டே இருக்கும், 8ஆம் நூற்றாண்டு கடைசியில வரைஞ்ச ஓவியத்துல அந்த நீலம் இன்னும் இருக்கு. அந்த நீலத்து மேல நைட்ரிக் ஆசிட் ஊத்தினாலும் போகாது, வெறும் அவுரிச் சாயம்னா போயே போச்சு. எத்தனை வருஷம் மண்டைய உடைச்சுக்கிட்டாங்க தெரியுமா விஞ்ஞானிங்க, ஒரு களிமண்ணு இதப் பண்ணும்னு... ஐயோ, கண்ணாடிக்கு அந்தப்பக்கம் இருந்து நேரமாச்சுன்னு கை காட்றாங்க.

கென்யாவுல இருக்குற அம்போசெலி ஏரிப் படுகையப் பத்தி எழுதி வச்சிருந்தேன், அது போச்சு. ஒண்ணே ஒண்ணு சொல்லிடறேன். ரொம்பப் பழைய பாறையில நார்க்களி ஏன் அபூர்வம்னா, ஆழத்துல புதைஞ்சு சூடு ஏற ஏற துளைக்குள்ள இருக்குற தண்ணி போயிடும், நாரே மாறி வேற கனிமமா, தகடா ஆயிடும், அதான் நல்ல படிவெல்லாம் பெரும்பாலும் கடைசி 6.6 கோடி வருஷத்துக்குள்ளதான் கிடைக்குது. அவ்ளோதான் நேரம், வணக்கம்.