காசு கொடுத்தால் தேடலில் முதலிடம் கிடைக்குமா?

அடுத்த கேள்வி. "தேடுபொறிகள் நடுநிலை என்கிறார்கள். ஆனால் தங்களோடு வணிக ஒப்பந்தம் வைத்திருக்கும் நிறுவனங்களை மேலே தூக்கி வைப்பதில்லையா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

இந்தச் சந்தேகம் பழையது. 2005 டிசம்பரில் கூகுள், அமெரிக்க இணைய நிறுவனமான ஏஓஎல்லில் 100 கோடி டாலர் போட்டு 5 சதவீதப் பங்கை வாங்க ஒப்பந்தம் செய்தது. உடனே, இனி ஏஓஎல் பக்கங்கள்தான் முதலில் வருமோ என்று பேச்சு கிளம்பியது. கூகுள் பகிரங்கமாக மறுத்தது. கூட்டாளியின் பக்கம் மேலே வந்தால், நல்ல பதில் என்பதால்தான் வருகிறது, எங்கள் உறவால் அல்ல என்றார்கள். அது பொய் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வாக்குறுதி சாதாரண முடிவுகளின் வரிசைக்கு மட்டும்தான். வரிசைக்கு மேலே என்ன வைப்போம் என்பதைப் பற்றி அதில் பேச்சே இல்லை.

வரிசையையே விற்ற காலமும் உண்டு. 1998இல் கோடூ என்ற தேடுபொறியில், ஒரு சொல்லுக்கு யார் அதிகம் ஏலம் கேட்டாரோ அவருக்கே முதலிடம். ஒரு கிளிக்குக்கு அவர் எவ்வளவு தருகிறார் என்பதையும் பக்கத்திலேயே போட்டிருந்தார்கள். இன்றைக்கு நினைத்தால் அது எவ்வளவோ தேவலை! மற்ற தேடுபொறிகள் காசு வாங்கிய முடிவுகளையும் வாங்காதவற்றையும் கலக்க ஆரம்பித்ததும் புகார் போனது. அவற்றைத் தனியாகத் தெரியும்படி காட்டச் சொல்லி 2002இல், நுகர்வோரை ஏமாற்றும் வணிகத்தைக் கண்காணிக்கும் அமெரிக்க அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் தேடுபொறி நிறுவனங்களுக்குக் கடிதம் எழுதியது.

இப்போது நிலைமை என்ன? மொபைலில் ஏதாவது ஓர் ஊர்ப் பெயரோடு ஹோட்டல் என்று கூகுளில் தேடுங்கள். பெரும்பாலும் முதலில் 'ஸ்பான்சர்டு' என்று போட்ட சில இணைப்புகள் வரும். அப்புறம் வரைபடத்தோடு ஒரு பெட்டி. அதில் ஒரு ஹோட்டலைத் தொட்டால் அறை வாடகையும், எதிரே பயண நிறுவனங்களின் பெயர்களும் தெரியும். அங்கேயும் மேலே இருப்பவை விளம்பரத்துக்குக் காசு கட்டியவை. காசு கட்டாதவர்களுக்கும் 2021இலிருந்து இடம் கொடுத்திருக்கிறார்கள், கீழே. இத்தனையையும் விரலால் தள்ளிவிட்டுப் போனால்தான் நாம் 'தேடல் முடிவு' என்று நினைக்கும் பட்டியல் வருகிறது. அதன் முதலிடத்தை யாரும் வாங்கவில்லை, சரி. ஆனால் அந்த முதலிடம் திரையிலேயே இல்லையே!

கூட்டாளியைவிடச் சொந்தப் பிள்ளைக்குத்தான் சலுகை அதிகம். ஐரோப்பிய ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் 2017இல் கூகுளுக்கு 242 கோடி யூரோ அபராதம் போட்டது அதற்காகத்தான். பொருள்களின் விலையை ஒப்பிட்டுக் காட்டும் போட்டித் தளங்களைக் கூகுளின் விதிகள் கீழே இறக்கின. அவற்றில் மிக மேலே வந்த தளம்கூடச் சராசரியாக நான்காம் பக்கத்தில்தான் வந்தது. கூகுளின் சொந்த ஷாப்பிங் சேவைக்கு அந்த விதிகள் கிடையாது, அது மேலே உட்கார்ந்திருந்தது. முதல் பக்கத்தின் பத்து முடிவுகளுக்குச் சுமார் 95 சதவீதக் கிளிக்குகள் போகின்றன, இரண்டாம் பக்கத்தின் முதல் முடிவுக்குச் சுமார் 1 சதவீதம் என்று ஆணையமே கணக்குக் காட்டியது. அப்படியென்றால் நான்காம் பக்கத்துக்கு யார் போகப் போகிறார்கள்? 2024 செப்டம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் அந்த அபராதத்தை உறுதி செய்தது.

கூகுள் தரப்பிலும் ஒரு நியாயம் இருக்கிறது. தேடியவருக்கு விலையையோ வானிலையையோ நேராகக் காட்டுவது வசதிதான். வரிசைப்படுத்துவது என்றாலே ஒன்றைவிட இன்னொன்று மேல் என்று முடிவெடுப்பதுதான், அதில் முழு நடுநிலை என்று ஒன்று கிடையாது. நான் கேட்பது, எல்லோருக்கும் ஒரே விதியா என்பதை மட்டும்தான். ஐரோப்பாவில் 2024 மார்ச்சிலிருந்து பெரிய தளங்களுக்கு அதுவே சட்டம்: சொந்தச் சேவையை வரிசையில் தூக்கி வைக்கக் கூடாது.

இன்னொன்று, பணம் எதிர்த்திசையிலும் ஓடுகிறது. போன்களிலும் பிரவுசர்களிலும் தானே இயல்புத் தேடுபொறியாக, அதாவது நாம் மாற்றாதவரை தானாக வருவதாக, இருப்பதற்காகக் கூகுள் 2021இல் மட்டும் 2,630 கோடி டாலர் கொடுத்தது, கூகுள்மேல் அமெரிக்க அரசு போட்ட ஏகபோக வழக்கில் வெளியே வந்தது. நீங்கள் தேட ஆரம்பிக்கும் முன்பே ஒரு முதலிடம் விலை பேசப்பட்டுவிட்டது.

"அப்போ டக்டக்கோவுக்கு மாறிவிடலாமா?" என்று அதே நண்பர் கேட்டிருக்கிறார். தனியுரிமையை முன்னிறுத்தும் அந்தத் தேடுபொறிக்குத் தாராளமாக மாறலாம். ஆனால் அதன் சாதாரண முடிவுகள் பெரும்பாலும் மைக்ரோசாஃப்டின் தேடுபொறியான பிங்கிலிருந்து வருபவை. 2022இல் அவர்களுடைய மொபைல் பிரவுசர், நாம் இணையத்தில் எங்கே போகிறோம் என்று பின்தொடரும் டிராக்கர்களில் மற்றவர்களுடையவற்றைத் தடுத்துவிட்டு மைக்ரோசாஃப்டின் சில டிராக்கர்களை மட்டும் விட்டுவைத்தது தெரியவந்தது. காரணம் கேட்டதற்கு, மைக்ரோசாஃப்டோடு போட்ட தேடல் ஒப்பந்தத்தைத்தான் காட்டினார்கள். சத்தம் வந்த பிறகு, சில மாதங்களில் அந்தச் சலுகையைப் பெருமளவு எடுத்துவிட்டார்கள்.