கைமருந்தில் இருக்கும் கை

(ஒரு கிளை நூலக வாசகர் வட்டத்தில், குழந்தைகள் வார்டில் பணியாற்றி ஓய்வு பெற்ற செவிலியர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம். பிள்ளைகளோடு வந்திருக்கும் தாய்மார்கள் வாசல் பக்கமாகப் பார்த்து உட்கார்ந்திருக்கிறீர்கள். பிள்ளை அழுதால் எழுந்து போக வேண்டாம். முப்பத்தோரு வருடம் குழந்தைகள் வார்டில் இருந்தவள் நான். அழுகைச் சத்தத்துக்கு நடுவில் பேசுவதுதான் எனக்குப் பழக்கம்.

பிள்ளைகளுக்கான கைமருந்தைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். என் அப்பத்தாவின் உரைகல்லில் இருந்து தொடங்குகிறேன். உள்ளங்கை அகலம் இருக்கும். நாலைந்து தலைமுறை உரசி உரசி நடுவில் வழவழப்பாகக் குழி விழுந்திருக்கும். பிள்ளைக்குத் தலைக்கு ஊற்றுகிற நாளில்தான் அந்தக் கல் வெளியே வரும். விளக்கில் சுட்ட வசம்பு, ஜாதிக்காய், மாசிக்காய், கடுக்காய், சுக்கு, எல்லாம் ஒரு துணி முடிச்சில். வசம்பைப் பேர் சொல்லிக் கேட்க மாட்டார். 'பேர் சொல்லாததை எடு' என்பார். தாய்ப்பாலை இரண்டு சொட்டு விட்டு, இதில் இரண்டு சுற்று, அதில் மூன்று சுற்று என்று எண்ணி உரசுவார். வழித்து எடுத்தால் ஒரு விரல்நுனி அளவுதான் வரும்.

அதற்கு முன்னால் நடப்பதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையைக் கால்மேல் போட்டு, எண்ணெய் தேய்த்து, பதமான வெந்நீரை ஊற்றி, துடைத்து, துணியில் சுற்றி மடியில் கிடத்துவார். அதற்குள் பாட்டு ஆரம்பித்திருக்கும். கடைசியில்தான் அந்த விரல்நுனி மருந்து. பிள்ளை மூன்று மணி நேரம் அசையாமல் தூங்கும். 'மருந்து வேலை செய்யுது பாரு' என்பார் அப்பத்தா. பிள்ளை தூங்கியது வசம்பாலா, வெந்நீராலா, அந்தத் தொடையின் சூட்டாலா? இந்தக் கேள்வி எனக்கு வார்டுக்கு வந்த பிறகுதான் தோன்றியது. கைமருந்தில் பாதிக்கு மேல் அந்தக் கைதான் மருந்து. இன்று நான் சொல்ல வந்ததே இதுதான்.

ஆறு மாதம் வரை பிள்ளைக்குத் தாய்ப்பால் தவிர எதுவும் வேண்டாம், தண்ணீர்கூட. மருத்துவர் எழுதிக் கொடுக்கிற மருந்து மட்டும் விதிவிலக்கு. வசம்பு அளவு மீறினால் வாந்தி எடுக்க வைக்கும். இதை அப்பத்தாவிடம் வாய்விட்டுச் சொல்ல எனக்குப் பல வருடம் ஆனது. என் மகள் பிறந்தபோது உரை மருந்து வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். குளிப்பாட்டுகிற வேலையை மட்டும் அப்பத்தாவிடமே விட்டேன். ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். அப்புறம் பாட்டு வந்துவிட்டது.

அன்றிலிருந்து எனக்கென்று ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். பிள்ளையின் உடம்புக்குள் போவது எதுவானாலும், அப்பத்தா சொன்னாலும் சரி, மருந்துக்கடைக்காரர் சொன்னாலும் சரி, ஒருதடவை நின்று கேட்க வேண்டும். உடம்பைப் புண்ணாக்குகிற எதுவும் கூடவே கூடாது. மடி, தொட்டில், பாட்டு, தலையைத் தடவிவிடுவது, உப்பு மிளகாய் சுற்றிப் போடுவது, இவற்றோடு எனக்குச் சண்டையே இல்லை. சாயங்காலத் தொழுகை முடிந்து வருபவர்கள் ஊதிவிடட்டும் என்று பள்ளிவாசல் வாசலில் பிள்ளையோடு நிற்கும் தாய்மாரைப் பார்த்திருப்பீர்கள். எல்லா மதத்தாரும் நிற்பார்கள். நிற்கட்டும். முன்பின் தெரியாதவர் ஒருவர் குனிந்து என் பிள்ளைக்காக வேண்டுகிறார் என்றால் அந்தத் தாய்க்கு நெஞ்சு லேசாகும். தாய் தெளிந்தால் பிள்ளையும் தெளியும். ஊதி முடித்த கையோடு மருத்துவரிடமும் போனால் போதும்.

உள்ளே போவதில் சிலவற்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். பிறந்ததும் சேனை வைக்கிறேன் என்று தேனைத் தொட்டு வைக்கிறோம். ஒரு வயது ஆகும்வரை தேன் கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்து, கைக்குழந்தையின் குடலில் முளைத்து விஷத்தை உண்டாக்கும். பிள்ளை துவண்டு போகும், பால் குடிக்க முடியாது, மூச்சுக்கூட நிற்கலாம். ஒரு வயதைத் தாண்டிய பிள்ளைக்கு இருமலுக்குத் தேன் நல்லதுதான். 2007-ல் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வில் இரவு இருமலுக்குத் தேன் நன்றாகவே கேட்டது. இரண்டுமே உண்மை. பிள்ளையின் வயதுதான் வித்தியாசம். அடுத்தது, மூக்கில் எண்ணெய் விடுவது. அது நுரையீரலுக்குப் போய்விடும். கற்பூரத்தைப் பிள்ளை தெரியாமல் கொஞ்சம் தின்றாலே வலிப்பு வரலாம்.

சூடு போடுவதைப் பற்றி நிறையப் பேச என்னால் முடியாது. மாந்தம், அதாவது செரிக்காத கோளாறு, என்று வயிற்றில் நாலு இடத்தில் சூடு வாங்கிய ஏழு மாதப் பிள்ளையைக் கையில் வாங்கியிருக்கிறேன். அந்தப் பிள்ளைக்கு நிமோனியா. சூடு போட்ட கிழவியும் கூடவே வந்து வாசலில் அழுதுகொண்டிருந்தார். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் மூன்று நாள் வீணாகிவிட்டது.

சரி, அம்மைக்கு வருகிறேன். நம் ஊரில் பிள்ளைக்கு அம்மை போட்டால் என்ன செய்கிறோம்? 'ஆத்தா வந்திருக்கா' என்கிறோம். வாசலில் வேப்பிலை செருகுகிறோம். தாளிப்பு கிடையாது. இளநீர், நுங்கு, கூழ். வெளியாட்கள் உள்ளே வரக்கூடாது. அது நல்ல தனிமைப்படுத்தல். எல்லாவற்றையும்விட, அம்மை போட்ட பிள்ளையை யாரும் திட்டமாட்டார்கள். அதட்டக்கூட மாட்டார்கள். அந்த உடம்பில் இருப்பது ஆத்தா அல்லவா? 'என்ன தாயி வேணும்?' என்று கேட்டு, வேப்பங்கொத்தால் வருடிக் கொடுப்பார்கள். மற்ற நோய்களில் 'சொன்னா கேட்டியா, மழையில ஆடினே' என்று வசவு வாங்கும் பிள்ளைக்கு, இந்த ஒரு நோயில் மட்டும் மரியாதை கிடைக்கிறது. அந்த மரியாதையை எல்லாக் காய்ச்சலுக்கும் கொடுக்க வேண்டும் என்பது என் ஆசை. ஆனால் பிள்ளைக்கு மூச்சு வாங்கினால், எழுப்பினால் சரியாக எழாமல் கிடந்தால், ஆத்தா கோபிப்பாள் என்று வீட்டிலேயே வைத்திருக்காதீர்கள். அம்மை நேரத்தில் ஆஸ்பிரின் மாத்திரை கொடுக்கவே கூடாது. அது ஈரலையும் மூளையையும் தாக்கலாம்.

கைதான் மருந்து என்றேன். 1971-ல் வங்கதேசப் போர் நடந்தபோது, மேற்கு வங்கத்தில் பங்கான் என்ற ஊரில் அகதிகளுக்குள் காலரா பரவியது. ஏற்றுவதற்கு டிரிப் பாட்டில் போதவில்லை. திலீப் மகலநபிஸ் என்ற மருத்துவர் உப்பும் குளுக்கோஸ் சர்க்கரையும் சோடா உப்பும் கலந்த தண்ணீரைப் பீப்பாய்களில் நிரப்பிக் குழாய் வைத்தார். செவிலியருக்கு எங்கே போவது? நோயாளியின் பக்கத்தில் இருந்த சொந்தக்காரர்களிடமே டம்ளரைக் கொடுத்தார். அதுவரை நூற்றுக்கு இருபது முப்பது பேர் செத்துக்கொண்டிருந்த இடத்தில் சாவு நாலு பேருக்கும் கீழே இறங்கியது. கண்டுபிடிப்பு அந்தத் தண்ணீர். அதை மடக்கு மடக்காகக் கொடுத்தது அந்தச் சொந்தக்காரர்களின் கை.

ஊசி விஷயமும் இருக்கிறது. 'சாப்பிடலைன்னா நர்ஸ் வந்து ஊசி போட்டுடும்' என்று மிரட்டாத வீடு உண்டா? அப்படி மிரட்டி வளர்த்த பிள்ளை, நிஜமாகவே நோய் வந்து என்னிடம் வரும்போது, வெள்ளை உடுப்பைக் கண்டாலே நடுங்கும். நரம்பு கிடைக்காது. நாலு இடத்தில் குத்த வேண்டிவரும். 'ஊசி இல்லப்பா, சும்மா பார்ப்பாங்க' என்று பொய் சொல்லிக் கூட்டி வருவது அதைவிட மோசம். அந்தப் பிள்ளை எங்களை நம்பாது. உங்களையும் நம்பாது. 'ஊசி போடுவாங்க, எறும்பு கடிச்ச மாதிரி வலிக்கும், நான் உன் கையைப் பிடிச்சுக்கிறேன்' என்று சொல்லிப் பாருங்கள். கைக்குழந்தையானால் தடுப்பூசி போடும்போதே பால் கொடுங்கள், அழுகை குறையும்.

நாங்களும் தப்பு செய்திருக்கிறோம். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு வார்டில், மருத்துவர் ரவுண்ட்ஸ் வரும் நேரம் என்று தாய்மாரை வெளியே அனுப்பிவிடுவோம். பிள்ளைகள் முதலில் கதறும், பிறகு அடங்கிவிடும். சமத்தாகிவிட்டது என்று நினைத்தோம். இங்கிலாந்திலும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. 1952-ல் ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர், ஆஸ்பத்திரியில் விடப்பட்ட இரண்டு வயதுச் சிறுமியைப் படம் பிடித்துக் காட்டினார். அழாமல் இருப்பது சமத்து இல்லை, மனம் ஒடுங்கிப் போவது என்று பலருக்கு அப்போதுதான் உறைத்தது. 1959-ல் அரசுக் குழுவே பெற்றோர் எந்நேரமும் வந்து பார்க்கலாம், கூடத் தங்கலாம் என்று பரிந்துரைத்தது. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. வெளியே அனுப்பிய முகங்கள் ஒவ்வொன்றாக வந்தன.

ஒரு ராத்திரி. வயிற்றுப்போக்கோடு ஒன்றரை வயதுப் பெண் பிள்ளை. உப்புச் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தால் டம்ளரைத் தட்டிவிடுகிறது, ஸ்பூனைக் கடிக்கிறது. கூட வந்த அம்மாச்சி இடுப்பு முடிச்சை அவிழ்த்து ஒரு பித்தளைப் பாலாடையை எடுத்தார், பிள்ளைக்குப் பால் கொடுக்கிற மூக்கு வைத்த சின்னக் கிண்ணம். புகட்டப் போகிறார் என்று பயந்து ஓடினேன். மூக்கைப் பிடித்து, மல்லாக்கப் படுக்க வைத்து ஊற்றினால் புரையேறி உயிருக்கே ஆபத்து. அவர் அப்படிச் செய்யவில்லை. பாலாடையை வெந்நீரில் கழுவித் தரச் சொன்னார். பிள்ளையை நிமிர்த்தி நெஞ்சில் சாய்த்து, பாலாடை மூக்கை உதட்டோரம் வைத்து, அது நக்குகிற வேகத்துக்குச் சாய்த்தார். ஒவ்வொரு மடக்குக்கும் ஒரு வார்த்தை பேசினார். பொழுது விடியும்போது பிள்ளை ஒண்ணுக்குப் போய் அவர் சேலையை நனைத்தது. உடம்பில் தண்ணீர் சேர்ந்துவிட்டது என்று நாங்கள் இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். அந்தப் பாலாடையைத்தான் இன்று குறைமாதப் பிள்ளைகளுக்குப் பால் கொடுக்க மருத்துவமனைகளில் வைத்திருக்கிறார்கள்.

பின்னால் மேஜையில் ஒரு லிட்டர் பாத்திரமும், காய்ச்சி ஆறிய தண்ணீரும், அந்த உப்புச் சர்க்கரைத் தண்ணீர் கலக்குகிற ஓஆர்எஸ் பொட்டலங்களும் வைத்திருக்கிறேன். ஒரு லிட்டர் பொட்டலத்தை ஒரு டம்ளரில் கொட்டிக் கொடுத்து, உப்பு ஏறி வந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அதனால் கலக்கிக் காட்டிவிட்டுத்தான் போவேன். சின்னப் பிள்ளை வைத்திருப்பவர்கள் முதலில் வாருங்கள். வீட்டில் பாட்டி இருந்தால் அவரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், அவர் கையாலேயே கலக்கட்டும்.