ஒயர் கூடையை ஆபீஸ் பையாக மாற்றினால் பாரம்பரியம் கெடுமா? கிள்ளான் தங்கைக்குப் பதில்

சரி, அடுத்த கேள்வி. கிள்ளானிலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார்: "அக்கா, அம்மா பின்னும் ஒயர் கூடையை ஆபீஸ் பை மாதிரி மாற்றி விற்கப் போகிறேன். பாட்டி, இதெல்லாம் கூடையே இல்லை என்கிறார். புது டிசைன் கலந்தால் பாரம்பரியம் கெட்டுவிடுமா?"

கெடாதும்மா. பாட்டியின் அம்மா எதில் பின்னினார் என்று பாட்டியிடமே கேட்டுப் பாருங்கள். ஓலை என்பார், இல்லையென்றால் மூங்கில் என்பார். பிளாஸ்டிக் ஒயர் பிறகு வந்தது. அதில் நெல்லிக்காய் முடிச்சு, சிவன் கண் என்று பின்னிப் பின்னி நம் வீட்டுப் பொருளாக ஆக்கியது நம் பெண்கள்தான்.

சரவாக்கில் பெனான் என்ற பழங்குடிப் பெண்களைப் பாருங்கள். பிரம்பில் பின்னியவர்கள், காடு வெட்டப்பட்டு பிரம்பு தேடி வெகுதூரம் நடக்க வேண்டிவந்த பிறகு, பெட்டி கட்டுகிற பிளாஸ்டிக் பட்டையை எடுத்து அதே பின்னலைப் போடத் தொடங்கினார்கள். நனைந்தாலும் பூஞ்சை பிடிக்காது. கோலாலம்பூரில் அந்தப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன், அவ்வளவு அழகு.

இந்தப் பக்கம் கேரித் தீவில் மஹ் மெரி பழங்குடிப் பெண்கள் இன்னும் மெங்குவாங்கில் பின்னுகிறார்கள், நம் தாழை இனம்தான் அது. இலையை வெட்டி, ஓர முள்ளைச் சீவி, கீற்றாகக் கிழித்து, ஊறவைத்து, வெயிலில் காயவைத்து, சாயத்தில் வேகவைத்து, அதற்குப் பிறகுதான் பின்னவே உட்கார முடியும். அதே பின்னலில் இன்று சின்னக் கைப்பைகளும் செய்கிறார்கள். யாராவது விலை அதிகம் என்று பேரம் பேசினால் எனக்கு மனசு வலிக்கும்.

இப்போது உங்கள் பைக்கு வருவோம். நிறத்தை மாற்றுங்கள், அடியை அகலமாக்குங்கள், உள்ளே துணி தைத்து ஜிப் வையுங்கள், எதுவும் தப்பில்லை. ஆனால் தோல் கைப்பிடி வைக்கிறேன் என்று பின்னலில் ஓட்டை போட்டு ஆணி அடிக்காதீர்கள். ஒயர் அந்த இடத்தில் கிழிந்து, பாரம் ஏற ஏறப் பக்கத்து முடிச்சும் தளர்ந்துவிடும். தோல் பட்டையை மேல் வரிசைக்குக் கீழே நுழைத்து, மடக்கி, பட்டையோடு பட்டையைத் தைத்துவிடுங்கள். பின்னல் முழுசாக இருக்கும், பாட்டிக்கும் கோபம் வராது.

அப்புறம், அடியை எந்த முடிச்சில் தொடங்கினீர்கள் என்று சொல்லவில்லையே. ஒரு படம் எடுத்து அனுப்புங்கள், பார்த்துவிட்டு அடுத்த வாரம் சொல்கிறேன்.