நகபானனின் வெள்ளியும் சாதகர்ணியின் முத்திரையும்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

1906-ஆம் ஆண்டு, மகாராஷ்டிரத்தில் நாசிக்கை அடுத்த ஜோகல்தெம்பி என்னும் ஊரில் வெள்ளிக்காசுப் புதையல் ஒன்று கிடைத்தது. 13,000-க்கும் மேற்பட்ட காசுகள். எல்லாமே முதலில் சகர் என்னும் மரபைச் சேர்ந்த நகபானன் என்ற அரசனின் பெயரில் அச்சிடப்பட்டவை. அவற்றுள் 9,000-க்கும் மேற்பட்ட காசுகளின்மீது இன்னோர் அரசன் தன் முத்திரையை மறுபடி அடித்திருந்தான். அவன் சாதவாகன வேந்தன் கௌதமிபுத்திர சாதகர்ணி. சிலப்பதிகாரம் 'நூற்றுவர் கன்னர்' என்று குறிப்பிடுவது இந்த மரபினரைத்தான் என்று அறிஞர் பலர் கொள்கிறார்கள். ஆகவே நமக்கு முற்றிலும் அயலான கதை இல்லை இது.

வென்றவன் தோற்றவன் காசில் தன் பெயரைப் பொறித்தான் என்று ஒரே வரியில் இதைச் சொல்லிக் கடந்துவிடுவது வழக்கம். எனக்கு அது போதவில்லை. நகபானனை ஒழித்த சாதகர்ணி, நகபானன் உருவாக்கிய பணத்தை ஒழிக்கவில்லை. அதன் வெள்ளியையும் எடையையும் அப்படியே ஏற்றுக்கொண்டான். இன்று நான் பேச வந்தது அதைப் பற்றி.

காசை முதலில் பார்ப்போம். எடை இரண்டு கிராமுக்குச் சற்று மேல். ஒரு பக்கம் நகபானனின் தலை, அதைச் சுற்றிக் கிரேக்க எழுத்துகள். எழுத்துதான் கிரேக்கம், எழுதியிருப்பது பிராகிருதம். மறுபக்கம் அம்பும் வச்சிராயுதமும், பிராமியிலும் கரோஷ்டியிலும் அவன் பெயர். சிறு காசு ஒன்றில் மூன்று எழுத்துமுறைகள். பல நாட்டு வணிகர் கூடிய பாரிகாசா துறைமுகம், அதாவது இன்றைய பரூச், இவன் ஆட்சியில்தான் இருந்தது. இன்னொரு வியப்பும் உண்டு. தலைகள் ஒன்றுபோல் இல்லை. இளைஞன், நடுவயதினன், கன்னம் ஒட்டிய முதியவன் என்று காசுக்குக் காசு முகம் மாறுகிறது. புதையலை ஆராய்ந்து எழுதிய ஸ்காட் பாதிரியாரையும் இது குழப்பியது.

இதன்மேல் சாதகர்ணி அடித்தது என்ன? ஒரு பக்கம் மூன்று வளைவுகள் அடுக்கிய குன்று, அதைச் சுற்றி 'ரஞோ கோதமிபுதச சிரி சாதகணிச' என்ற பிராமி வாசகம். மறுபக்கம் சிலுவைபோல் இணைந்த நான்கு வட்டங்கள். உச்சயினிச் சின்னம் என்று நாணயவியலார் அழைப்பது. அரசனின் முகம் இல்லை.

பழைய காசை உருக்கினால் வெள்ளியைத் தூய்மையாக்க வேண்டும், எடைபோட்டு வில்லைகளாக வார்க்க வேண்டும். மறுமுத்திரைக்கு இவை எதுவும் வேண்டாம். பழைய காசே எடை சரிபார்த்த வில்லை. அதைக் கீழச்சின்மேல் வைத்து, மேலச்சை நிறுத்திச் சம்மட்டியால் ஓர் அடி. வேகமான வேலை. அதனால்தான் குறையும் உண்டு: புதிய அச்சு எல்லா இடத்திலும் ஒரே ஆழத்தில் இறங்குவதில்லை. குன்றின் வளைவுக்குப் பக்கத்தில் நகபானனின் மூக்கு தெரியும். பிராமி எழுத்துகளுக்கிடையே கிரேக்க எழுத்து ஒன்று தலைகாட்டும். அந்த மிச்சம்தான் வரலாற்றாசிரியனுக்குக் கிடைத்த வரம். அடியில் இருப்பது முந்தியது, மேலே இருப்பது பிந்தியது. நகபானன் ஆண்டது கி.பி. முதல் நூற்றாண்டின் நடுப்பகுதியிலா, இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலா என்று அறிஞர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். ஆனால் அவனுக்குப் பின் சாதகர்ணி என்ற வரிசையை யாரும் அசைக்க முடியாது.

இங்கே ஒரு வேண்டுகோள். பழங்காசு வைத்திருப்பவர்கள் தயவுசெய்து அதைப் புளி போட்டோ அமிலம் ஊற்றியோ பளபளப்பாக்காதீர்கள். நீங்கள் தேய்த்து எடுக்கும் அந்த மெல்லிய படலத்தோடு அடியிலுள்ள அரசனும் போய்விடுவான். பக்கவாட்டில் வெளிச்சம் விழும்படி வைத்துத் திருப்பித் திருப்பிப் பாருங்கள், அதுவே போதும்.

இனி நாசிக் குகைகளுக்கு வருவோம். சாதகர்ணியின் தாய் கௌதமி பாலசிறீ, தன் பேரன் புலுமாவியின் 19-ஆம் ஆட்சியாண்டில் அங்கே ஒரு கல்வெட்டு பொறித்தாள். 'ககராத வம்சத்தை மிச்சமின்றி அழித்தவன்' என்று மகனைப் புகழ்கிறாள். நகபானன் அந்தக் ககராத வம்சத்தவன். வம்சத்தை மிச்சமின்றி அழித்திருக்கலாம். அதன் காசு ஆயிரக்கணக்கில் மிஞ்சியது. அதே குகைகளில் சாதகர்ணியே தன் 18-ஆம் ஆட்சியாண்டில் கொடுத்த ஓர் ஆணையும் இருக்கிறது: உசபதாதன் அதுவரை அனுபவித்துவந்த நிலத்தில் 200 நிவர்த்தனங்கள் (நிவர்த்தனம் என்பது அக்கால நில அளவு) துறவிகளுக்கு. யார் இந்த உசபதாதன்? நகபானனின் மருமகன். நிலத்திலும் காசில் செய்ததையே செய்திருக்கிறான் சாதகர்ணி. உடைமையை அழிக்கவில்லை, உரிமையாளரை மாற்றினான்.

அந்த உசபதாதன் வெட்டிய கல்வெட்டு ஒன்று என்னை மிகவும் ஈர்க்கிறது. கோவர்த்தன நகரத்து நெசவாளர் சங்கங்களிடம் அவன் காகாபணம் என்னும் காசு 3,000-ஐ நிரந்தர வைப்பாகக் கொடுத்தான். 2,000-க்கு நூற்றுக்கு மாதம் ஒன்று வட்டி, 1,000-க்கு முக்கால். முதல் தொகையின் வட்டி ஆண்டுக்கு 240 ஆகிறது. குகையில் தங்கும் துறவியர் இருபதுபேருக்கு ஆடைக்காக ஆளுக்குப் பன்னிரண்டு. அசலைத் தொடக்கூடாது என்றும் எழுதியிருக்கிறது. இந்தக் காகாபணம் நகபானனின் வெள்ளிக்காசுதான் என்பது பலர் முடிவு.

இப்போது சாதகர்ணியின் இடத்திலிருந்து எண்ணிப் பாருங்கள். அதுவரை சாதவாகனரின் காசுகள் பெரும்பாலும் ஈயம், செம்பு, கலப்பு உலோகம். புதிதாகக் கைக்கு வந்த நாட்டிலோ வட்டியும் வைப்பும் கடல்வணிகமும் வெள்ளியில் நடக்கின்றன. அந்தக் காசைச் செல்லாது என்று அறிவித்தால் நெசவாளரின் கணக்கும் துறவியின் ஆடையும் ஒருசேர விழும். அவன் ஆணையாக எதையும் இதுபற்றி எழுதிவைக்கவில்லை. இது என் ஊகம். ஆனால் 9,000 காசுகள் எனக்குத் துணை நிற்கின்றன.

எல்லா மறுமுத்திரையும் இப்படி அமைதியானதன்று. கி.பி. 132 முதல் 135 வரை ரோமுக்கு எதிராகக் கிளர்ந்த யூதர்கள், பார் கொக்பா தலைமையில், ரோமப் பேரரசர்களின் வெள்ளிக்காசுகளின்மீதே எருசலேமின் விடுதலையைப் பொறித்தார்கள். அங்கே அது போராட்டக் குரல்.

தக்காணத்தில் அடுத்து நடந்ததோ வேறு. சாதகர்ணியின் வழிவந்த புலுமாவியும் யக்ஞசிறீயும் அதே எடையில், இம்முறை நகபானனைப்போலத் தங்கள் முகத்தையே பொறித்து, வெள்ளிக்காசு வெளியிட்டார்கள். முகமுள்ள பக்கத்தில் பிராகிருதம். மறுபக்கத்தில், குன்றும் உச்சயினிச் சின்னமும் இருக்க, 'அரசனுக்கு', 'மகனுக்கு' என்று நாம் இன்றும் சொல்லும் சொற்களுக்கு மிக நெருங்கிய வடிவங்களோடு ஒரு வாசகம். அது தமிழே என்பார் உண்டு. தமிழுக்கு நெருங்கிய வேறொரு திராவிட மொழி என்பாரும் உண்டு.