மரத்துக்கு ஒரு பேர்ப்பலகை

தலைமை தாங்குற தலைமையாசிரியர் ஐயா அவர்களே, ஊராட்சி மன்றத் தலைவர் அம்மா அவர்களே, விடிகாலையிலயே வந்து பந்தல் போட்ட தம்பிகளே, பிள்ளைங்களே, எல்லாருக்கும் வணக்கம். பொன்னாடைக்குப் பதிலா புங்கங்கன்னு குடுத்தீங்க, மனசு நெறஞ்சு போச்சு.

உயிரினங்களுக்கு விஞ்ஞானிங்க எப்படி பேர் வைக்கிறாங்கன்னு பேசச் சொன்னாங்க. மூணு விஷயம் சொல்றேன். பேர் வைக்கிறது, வகை பிரிக்கிறது, டிஎன்ஏ வந்தப்புறம் மாறினது.

1753ல ஸ்வீடன்காரர் லின்னேயஸ் செடிகளுக்கு ரெண்டே சொல்லுல பேர் வச்சு புத்தகம் போட்டார், 1758ல விலங்குகளுக்கும் அதே முறைய கொண்டு வந்தார். முதல் சொல் பேரினம், அதாவது சொந்தக்கார வகைங்களோட கூட்டம், ரெண்டும் சேர்ந்தா சிற்றினத்தோட, அதாவது அந்த ஒரு வகையோட பேர். நம்ம முருங்கை அங்க மொரிங்கா ஒலிஃபெரா, அந்த மொரிங்கா நம்ம சொல்லுதான். கறிவேப்பிலைய முர்ராயா கோனிகின்னு சொல்வாங்க, கோனிக்ங்கறவரு லின்னேயஸோட மாணவர், நம்ம தரங்கம்பாடியில டாக்டரா இருந்தவர்.

கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய்னு பெரியவங்க சொன்னாங்கள்ல, அத எனக்குப் புரியவச்சது எங்க மாமாவுக்கு வந்த மஞ்சக்காமாலை. ஆஸ்பத்திரியில பாத்துட்டுதான் இருந்தோம், ஆனா அத்தைக்கு மனசு கேக்கல, கீழாநெல்லி வேணும்னாங்க, நானும் சந்தைக்குப் போயி ஒரு கட்டு வாங்கிட்டு வந்துட்டேன். பக்கத்து வீட்டுல தாவரவியல் வாத்தியார், அவரு அத பிரிச்சு பேப்பர்ல பரப்பி, லென்ஸ வச்சு ஒவ்வொரு குச்சியா திருப்பிப் பாத்தார். இலைக்கு அடியில கடுகு மாதிரி காய் தொங்குது, எல்லாம் ஒண்ணுதானேன்னேன். இல்ல தம்பி, இது காய் வழவழன்னு காம்போட இருக்கு, பில்லாந்தஸ் அமாரஸ், இதுல காய் சொரசொரன்னு தண்டோட ஒட்டியிருக்கு பாரு, பில்லாந்தஸ் யூரினேரியா, இந்த மூணாவது மேலாநெல்லி, பில்லாந்தஸ் மதராஸ்படென்சிஸ்னார். மதராஸ்பட்டினம் பேருலயே இருக்கு பாருங்க! ஒரே கட்டுல மூணு செடி, சந்தையில மூணுக்கும் ஒரே பேரு. அத்தை அந்த கட்ட அப்படியே ஓரமா வச்சுட்டாங்க. தீர விசாரிப்பதே மெய்.

அதனாலதான் புதுசா ஒரு செடிக்கு பேர் வச்சா அந்தச் செடியில ஒண்ண காய வச்சு ஹெர்பேரியத்துல, அதாவது காஞ்ச செடிகள பாதுகாக்குற இடத்துல, வைக்கணும்னு விதி இருக்கு, சந்தேகம் வந்தா அத எடுத்து ஒப்பிட்டுப் பாக்கலாம். கோயம்புத்தூர்ல அப்படி ஒரு ஹெர்பேரியம் இருக்கு, பிள்ளைங்கள ஒருதடவை கூட்டிட்டுப் போங்க ஐயா.

வகை பிரிக்கிறத பத்தியும் டிஎன்ஏ பத்தியும் நிறைய இருக்கு, நேரம் இல்ல, ஊருக்கு ஊரா நான் கேட்டுட்டு வர்றத இங்கயும் கேக்கணும். இந்த வளாகத்துல இருக்குற ஒவ்வொரு மரத்துக்கும் பேர்ப்பலகை வேணும். மேல தமிழ்ப் பேரு, அதுக்குக் கீழ நம்ம பக்கத்து வழக்குப் பேரு, அப்புறம் அந்த ரெண்டு சொல் பேரு. வழக்குப் பேர உங்க பாட்டிகிட்ட கேளுங்க, அவங்க இருக்கும்போதே எழுதி வச்சுக்கங்க. காய், பூ, இலை மூணையும் பாத்து வாத்தியார்கிட்ட காட்டி உறுதியானப்புறம்தான் பெயிண்ட் அடிக்கணும். இந்த பழமொழிய எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு அலுக்காது, தீர விசாரிப்பதே மெய். ஆணி மட்டும் அடிச்சிடாதீங்க கண்ணுகளா, கயித்துல தளர்வா கட்டுங்க, மரம் பெருக்க பெருக்க அவுத்துக் கட்டுங்க. முதல் பலகைக்குத் தகரமும் பெயிண்டும் என் பைக் பெட்டியில இருக்கு, கூட்டம் முடிஞ்சதும் கெணத்தடி வேம்புகிட்ட வந்துடுங்க.