கொரோனா அவசரநிலையை முடிக்க அமெரிக்காவில் நடந்த சண்டை: யாரும் பேசாத பகுதி

வணக்கம் நண்பர்களே! “கொரோனா முடிந்துவிட்டது, அவசரநிலையை உடனே விலக்கு” என்பது ஒரு கோரிக்கை. “கொரோனாவுக்காக எல்லையில் போட்ட தடையை மட்டும் எடுக்காதே” என்பது இன்னொரு கோரிக்கை. இரண்டும் சில வாரங்களுக்குள் ஒரே கட்சியிடமிருந்து வந்தன.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2020 ஜனவரி 31 அன்று சுகாதாரத் துறைச் செயலர் அலெக்ஸ் அசார் பொதுச் சுகாதார அவசரநிலையை அறிவித்தார். 90 நாளுக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்க வேண்டும். மார்ச் 13 அன்று அதிபர் டிரம்ப் தேசிய அவசரநிலையைத் தனியாக அறிவித்தார்.

2022 செப்டம்பரில் அதிபர் பைடன் தொலைக்காட்சிப் பேட்டியில் “பெருந்தொற்று முடிந்துவிட்டது” என்றார். அடுத்த மாதமே அவருடைய அரசு பொதுச் சுகாதார அவசரநிலையை நீட்டித்தது. முடிந்துவிட்டதென்றால் நீட்டிப்பு எதற்கு என்று குடியரசுக் கட்சியினர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான்.

ஆனால் அவர்களும் ஒரே நிலையில் நிற்கவில்லை. டிரம்ப் ஆட்சியில் வந்த டைட்டில் 42 என்ற சுகாதார உத்தரவின்படி, எல்லைக்கு வந்தவர்கள் அகதி விசாரணைகூட இல்லாமல் திருப்பி அனுப்பப்பட்டார்கள். பைடன் அரசு அதை விலக்க முயன்றபோது, குடியரசுக் கட்சி ஆளும் மாநிலங்கள் உச்ச நீதிமன்றம் வரை போய்த் தடுத்தன. பழமைவாதியான நீதிபதி கோர்சச்சே அதற்கு உடன்படவில்லை. எல்லை நெருக்கடி கொரோனா நெருக்கடி அல்ல என்று தம் மாற்றுத் தீர்ப்பில் எழுதினார். எனக்கு மிகப் பிடித்த இடம் இது!

2023 ஜனவரி 30 அன்று, இரண்டு அவசரநிலைகளும் மே 11-இல் முடியும் என்று வெள்ளை மாளிகை அறிவித்தது. நாடாளுமன்றம் அதுவரை காத்திருக்கவில்லை. தேசிய அவசரநிலையை முடிக்கும் தீர்மானம் செனட்டில் 68-23 என நிறைவேறியது. முதலில் எதிர்த்த பைடனே ஏப்ரல் 10 அன்று கையெழுத்திட்டார்.

இனிதான் நான் சொல்ல வந்த விஷயம். இத்தனை கூச்சலும் தேதியைப் பற்றித்தான். ஏழைகளைப் பாதித்த முடிவோ 2022 டிசம்பரிலேயே, ஒரு பிரம்மாண்ட நிதி மசோதாவுக்குள் சத்தமில்லாமல் எடுக்கப்பட்டுவிட்டது.

பொதுச் சுகாதார அவசரநிலை நீடிக்கும்வரை மெடிக்கெய்ட் என்ற ஏழைகளுக்கான மருத்துவக் காப்பீட்டிலிருந்து யாரையும் நீக்காத மாநிலங்களுக்கு மத்திய அரசு கூடுதல் நிதி கொடுத்தது. அந்தப் பாதுகாப்பை 2023 ஏப்ரல் 1 முதல் விலக்கலாம் என்றது புதிய சட்டம். அதன்பின் 2.5 கோடிக்கும் மேற்பட்டோர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டார்கள். சிலருக்கு வேறு காப்பீடு இருந்தது. சிலர் திரும்பச் சேர்ந்தார்கள். ஆனால் நீக்கப்பட்டவர்களில் ஏறக்குறைய 70 சதவீதம் பேரைத் தகுதியில்லை என்று கண்டறிந்து நீக்கவில்லை. படிவம் வந்து சேரவில்லை, கடிதம் பழைய முகவரிக்குப் போனது, கெடுவுக்குள் பதில் வரவில்லை, பெயர் அடிபட்டது. அவ்வளவுதான்!

[திரையில்: புதுப்பித்தல் படிவம், மேலே பதில் அனுப்ப வேண்டிய கடைசித் தேதி]

குழந்தைகளுக்கு நடந்ததைக் கேளுங்கள். பிள்ளைகளுக்கான வருமான வரம்பு பெற்றோருக்கானதைவிட அதிகம். ஆனால் பல மாநிலங்களின் கணினிகள் குடும்பம் மொத்தத்தையும் ஒரே தட்டில் வைத்துப் பார்த்தன. பெற்றோரோடு சேர்த்துத் தகுதியுள்ள பிள்ளைகளின் பெயரையும் அடித்தன. மத்திய அரசு தலையிட்ட பிறகு, 2023 செப்டம்பரில் ஏறத்தாழ 5 லட்சம் பேருக்குக் காப்பீட்டைத் திருப்பித் தர மாநிலங்கள் ஒப்புக்கொண்டன.

அவசரநிலையை முடித்ததில் எனக்கு வருத்தமில்லை. முகவரியைக்கூடச் சரிபார்க்காமல் முடித்ததுதான் கோபம். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? கருத்துப் பகுதியில் எழுதுங்கள்.